பெயர் சொல்லுமுன் நின்றுவிடும் டிவிடி

ஜனவரி 9, ஞாயிறு

இன்றும் ஒரு டிவிடி வீண். முக்கால்வாசி வரை ஒழுங்காகப் போய், பிறகு 'எழுதுவதில் பிழை' என்று காட்டிவிட்டு லாப்டாப் தட்டை வெளியே தள்ளியது. என்ன பிழை, யார் செய்தது, ஒன்றும் கிடையாது. பிழை. அவ்வளவுதான்.

பாலைவனத் தூசியோடு வரும் ஹர்மட்டான் காற்று ஓயவில்லை. மேஜையைக் காலையில் துடைத்தால் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். தொட்டிலில் குவாசி இரண்டு முறை இருமினான். தூங்குகிறானா என்று போய்ப் பார்த்தேன். மூச்சு வருகிறது. மறுபடி போய்ப் பார்த்தேன்.

குவாசிக்குப் பெயர் வைத்த அன்று என் அண்ணன் எடுத்த வீடியோ இது. டிவிடியில் போட்டுப் பெரெக்கும் ஊருக்கு அனுப்ப வேண்டும், மாமாவுக்கு, என் கணவன் அமோகோவின் அப்பாவுக்கு. எங்கள் கல்யாணத்துக்கு வராதவர். ஏவே இனத்துப் பெண் நம் வீட்டுக்கு எதற்கு என்றவர். பெயர் வைக்கவும் வரவில்லை, இடுப்பு வலி என்றார்கள். இருக்கலாம். அமோகோ தன் மகனுக்கு அவர் பெயரைத்தான் வைத்தான்: குவாசி ஒடுரோ. ஆனால் யாரோ அவரிடம் போய், பெண்ணின் அப்பா பெயரை வைத்துவிட்டார்கள் என்று ஊதியிருக்கிறார்கள். அமோகோ போனில் சொல்லிப் பார்த்தான். "போன்ல யாரு வேணா என்ன வேணா சொல்லலாம். நான் கண்ணால பாக்கணும்" என்றாராம்.

பார்க்கட்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

ஜனவரி 11, செவ்வாய்

பிழை எது என்று தெரிந்தது. லாப்டாப்பில் இடமே இல்லை. டிவிடியில் எழுதுவதற்கு முன் அது வீடியோவை எங்கோ ஓர் ஓரத்தில் தயார் செய்து வைத்துக்கொள்ளுமாம். ஓரம் எங்கே இருக்கிறது? என் பள்ளிக்கூடத்துக் கணக்குப்பதிவியல் வினாத்தாள்கள், அமோகோ இறக்கிவைத்த கால்பந்து ஆட்டங்கள். ஆட்டங்களை அழித்தேன். கேட்டால் வைரஸ் என்று சொல்லிக்கொள்ளலாம்.

முழுதாக எழுதியது. லாப்டாப்பில் ஓடியது. கூடத்து டிவிடி பிளேயரில் போட்டால், 'டிஸ்க் இல்லை' என்கிறது. உள்ளே இருக்கிறது, சுற்றுகிறது, இல்லை என்கிறது! வீடியோ டிவிடியாகப் பதியாமல் வெறும் ஃபைலாகப் போட்டுவிட்டேன். பட்டம் வாங்கிய லட்சணம்.

ஜனவரி 13, வியாழன்

பாதியில் மின்சாரம் போனது. லாப்டாப் பேட்டரி செத்து வருஷமாகிறது. இன்னொரு டிவிடி தேநீர்க் கோப்பைக்கு அடியில் போயிற்று.

ஜனவரி 15, சனி

ஓடியது! கூடத்து பிளேயரில், முதலிலிருந்து கடைசி வரை.

அமோகோ வேலைபார்க்கும் மரவாடியிலிருந்து சனிக்கிழமைதான் வருவான். வந்ததும் வராததுமாக உட்கார வைத்துக் காட்டினேன். விடியலில் குழந்தையை வெளியே தூக்கி வருகிறார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள். பேச்சு, ஜெபம், அதற்கும் மேல் பேச்சு. கடைசியில்தான் பெரியவர் மனு ஆக்யா குழந்தையை மடியில் வாங்கி, விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைக்கிறார். பிறகு ஜின். தண்ணீரைத் தண்ணீர் என்றும் சாராயத்தைச் சாராயம் என்றும் சொல்லி வளர வேண்டும் என்கிறார். குவாசி முகத்தைக் கோணுகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்புறம் கோப்பையைத் தூக்கி அந்தப் பெயர்.

எனக்கு அழுகை வந்தது. அமோகோ பார்க்காத மாதிரி இருந்தான். கால்பந்தைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.

அன்று வந்தவர்களுக்குக் கோப்பையும் கைத்துண்டும் கொடுத்தோமே, அவற்றில் ஒட்டிய குவாசி முக ஸ்டிக்கரில் சில மீதி இருந்தன. டிவிடிக்கு அளவெடுத்தது போன்ற வட்டம். நடுவில் ஓட்டை வெட்டி ஒட்டினேன். அமோகோ கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி அழுத்தினான். பெரெக்கும் வண்டி டிரைவரிடம் கொடுத்தாயிற்று.

ஜனவரி 18, செவ்வாய்

அட்வோவா போன் செய்தாள். அமோகோவின் தங்கை, மாமாவோடு இருப்பவள். நாக்கில் எலுமிச்சை பிழிந்துகொண்டு பேசுகிறவள்.

நன்றாக ஓடியதாம். மனு ஆக்யா குழந்தையை மடியில் வாங்கினாராம், தண்ணீர் வைத்தாராம். கோப்பையைத் தூக்கினதும் அப்படியே நின்றுவிட்டதாம். தூக்கிய கையோடு நிற்கிறாராம். திரும்பப் போட்டாலும் அங்கேதான்.

"அண்ணி, அப்பா கேக்குறாரு, உங்க ஆளுங்க பேரை வச்சுட்டு எங்களுக்குத் தண்ணி காட்டுறீங்களான்னு."

துடைத்துப் போடச் சொன்னேன். துடைத்தார்களாம். "அதெப்படி அண்ணி, வேற எங்கயும் நிக்காம பேர் கிட்ட வந்து நிக்குது?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. எதற்கு அங்கே?

ஜனவரி 21, வெள்ளி

வேகம் அதிகமாக இருந்திருக்கும். அவசரமாக எழுதினால் பிளேயருக்குப் படிக்கச் சிரமமாம். இந்தத் தடவை இருப்பதிலேயே மெதுவான வேகம். லாப்டாப்பைத் தொடவில்லை, பக்கத்தில் நடக்கக்கூட இல்லை. குவாசியை முதுகில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

நல்ல டிவிடி. நம் பிளேயரில் கடைசிவரை ஓடியது. நாளை அமோகோ வந்ததும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்ப வேண்டும்.

ஜனவரி 25, செவ்வாய்

மறுபடி நின்றுவிட்டது. இந்தத் தடவை தண்ணீருக்கே வரவில்லை. முன்னதாகவே.

அட்வோவா சிரித்தாள். "போன தடவை கோப்பை வரைக்கும் காட்டுனீங்க. இப்ப அதுவும் வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" பின்னால் மாமாவின் குரல் கேட்டது. என்ன சொன்னார் என்று புரியவில்லை. அவள் சொல்லவும் இல்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் அமோகோவுக்குப் போனில் சொன்னேன். எந்த இடத்தில் நின்றது என்று கேட்டான். பிறகு, "நீ அந்த இடத்துல ஏதாவது தொட்டியா?" என்றான்.

தொட்டியாவாம். நான் எதுக்குத் தொடணும்? இங்க உட்கார்ந்து பார்த்தானே, அழுதேனே, பார்த்தானே. அவன் அப்பா பேரை வைக்கலாம்னு முதல்ல சொன்னது யாரு? நான். அப்பவாவது அந்த மனுஷன் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவாருன்னு நினைச்சேன். இப்ப என்னடான்னா நான் திருட்டுத்தனமா வீடியோவை வெட்டினவ. எனக்கு வீடியோ வெட்டத் தெரிஞ்சா ஏன் இத்தனை டிவிடியை நாசம் பண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்?

பத்து நிமிஷம் கழித்து அவனே கூப்பிட்டான். தப்பாகக் கேட்டுவிட்டேன் என்றான். சரி என்றேன். சரியில்லை.

குவாசி பால் சரியாகக் குடிக்கவில்லை. என் கோபம் பாலில் இறங்குமா? முட்டாள்தனம். ஆனாலும்.

ஜனவரி 26, புதன்

நிதானமாக யோசி, எனியோனம். மாணவிகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறாய்? கணக்கு ஒத்துவராவிட்டால் எந்த வரி வரை ஒத்துவந்தது என்று பார்.

அவர்கள் பிளேயர் கெட்டிருக்குமா? அட்வோவாவிடம் கேட்டேன். சர்ச் டிவிடி, யாருடைய சாவு வீட்டு டிவிடியோ, எல்லாம் முழுக்க ஓடுகிறதாம். பிளேயர் லென்ஸில் தூசி? தூசி என்றால் அவையும் நிற்கும்.

ஆக, கோளாறு எங்கள் டிவிடியில். ஆனால் அது இங்கே ஓடியது.

இங்கே ஓடியது. அங்கே ஓடவில்லை. நடுவில் என்ன நடந்தது? பஸ்ஸில் போனது. வெயிலா? ஓட்டுநர் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டானா? இரண்டு தடவையுமா?

இரண்டாவது டிவிடியைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 29, சனி

டிவிடி வந்தது. நம் பிளேயரில் போட்டோம். இங்கேயும் நிற்கிறது! ஜெபம் முடிந்து மனு ஆக்யா எழுந்ததும் படம் கட்டங்கட்டமாக உடைந்து நின்றது. பிளேயருக்குள் ஏதோ உரசுகிற சத்தம்.

அமோகோ வெளியே எடுத்தான். "சுடுது" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். நிஜமாகவே சூடு. வெளிச்சத்தில் சாய்த்தேன். குவாசியின் இடது கன்னம் உப்பியிருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு காற்றுக் கொப்புளம். ஓட்டையும் நடுவில் இல்லை, ஒரு பக்கம் கொஞ்சம் தள்ளி. நான் வெட்டியதுதான்.

உரித்தேன். இழுத்த இழுப்பில் தட்டின் விளிம்பு இரண்டாகப் பிளந்துவிட்டது. அந்த டிவிடி அதோடு சரி.

ஆனால் இரண்டு தடவையும் ஸ்டிக்கர் ஒட்டும் முன்புதான் ஓட்டிப் பார்த்தோம். ஒட்டியபின் பார்க்கவே இல்லை. யார் பார்ப்பார்கள்? வேலை முடிந்துதானே முகத்தை ஒட்டுவோம்.

ஜனவரி 30, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. புதிதாக ஒன்று பதிந்தேன். மொட்டையாகப் போட்டால் முழுக்க ஓடுகிறது. அதே டிவிடியில் ஸ்டிக்கரை ஒட்டிப் போட்டேன். ஆரம்பம் நன்றாக ஓடியது. போகப் போக அந்த உரசல், கோப்பை, நிறுத்தம். எடுத்தால் சூடு.

டிவிடி நடுவிலிருந்து ஆரம்பித்து விளிம்பை நோக்கிப் படிக்கும் என்று அமோகோவிடம் சொன்னேன். ஒரு பக்கம் கனம் ஏறிய தட்டு சுற்றும்போது விளிம்புதான் அதிகம் ஆடும். சூட்டில் வளையவும் செய்யும். பெயர் கடைசியில் வருகிறது, அதாவது விளிம்பில்.

அவன் சிறிது நேரம் ஸ்டிக்கரில் இருந்த மகனைப் பார்த்தான். "அப்போ பேரை மறைச்சது இவன்தானா" என்றான்.

ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் இருவரும் சேர்ந்து சிரித்தோம் என்று எழுத வந்தேன். ஜனவரியே இன்னும் முடியவில்லை.

ஆனால் சிரிப்பு முடிந்ததும் சண்டை. மொட்டை டிவிடியை அனுப்புவதா?

"தெருவுல கூவி விக்கிற திருட்டு டிவிடி மாதிரி இருக்கும். அப்பா கையில அதைக் குடுப்பியா? முதல்ல அது நம்ம வீட்டுதுன்னே நம்ப மாட்டாரு."

அவன் சொல்வதும் நியாயம். குடும்பத்துக்கு முகமில்லாமல் ஒரு பொருளைக் கொடுப்பது கதவை முழுக்கத் திறக்காமல் கையை மட்டும் நீட்டுவது போல. ஏற்கெனவே என்னைப் பற்றி நினைப்பது போதாதென்று இதுவும் சேருமே. ஏவேக்காரி முகத்தைக்கூட உரித்துவிட்டாள் என்று.

இருந்தாலும் நின்றுபோகிற மரியாதையை வைத்து என்ன செய்வது?

ஜனவரி 31, திங்கள்

அமோகோ காலையில் கிளம்புவதற்கு முன், இரவில் நான் புதிதாகப் பதிந்த மொட்டை டிவிடியில் பேனாவால் மகன் பெயரை எழுதினான். அவன் கையெழுத்து அவன் அப்பாவுக்குத் தெரியும். மிஞ்சியிருந்த கடைசி ஸ்டிக்கரை உரிக்காமல் தனி உறையில் வைத்தேன். அட்வோவாவுக்கு போன் செய்து, எக்காரணம் கொண்டும் டிவிடி மேல் ஒட்டாதே என்று சொன்னேன்.

"அப்புறம் எங்க ஒட்ட, என் நெத்தியிலயா?"

உன் வாயில் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 3, வியாழன்

போன் இல்லை.

பிப்ரவரி 4, வெள்ளி

போன் இல்லை. குவாசிக்கு லேசான காய்ச்சல் மாதிரி இருந்தது. இல்லை, என் கைதான் குளிர்ந்திருந்தது.

பிப்ரவரி 5, சனி

அட்வோவா கூப்பிட்டாள். இந்தத் தடவை குரலில் எலுமிச்சை இல்லை.

"முழுசா ஓடிச்சு அண்ணி."

மாமா என்ன சொன்னார் என்று கேட்டேன். மறுபடி போடச் சொன்னாராம். மறுபடியும். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போடச் சொன்னாராம். அட்வோவாவுக்கு மனு ஆக்யாவின் பேச்சு மனப்பாடமே ஆகிவிட்டதாம்.

"ஸ்டிக்கர்?"

"அதை ஏன் கேக்குறீங்க. கைத்தடியில ஒட்டிக்கிட்டாரு. பிடிக்குக் கீழ. ஒட்டுறப்ப என்னைத் தொடவே விடல."

எனக்கு ஒரு வார்த்தையாவது சொல்லச் சொன்னாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கைத்தடி போதும்.

பிப்ரவரி 20, ஞாயிறு

மாமா வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், அட்வோவாவோடு, காலை வண்டியில். நான் முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். மாமாவின் ஒரு கையில் வாழைத்தார், இன்னொரு கையில் தடி. தடியில் குவாசி. வழியெல்லாம் கை பட்டு நெற்றி கொஞ்சம் அழுக்காகியிருந்தது.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். வந்த காரியம் என்ன என்று வழக்கப்படி அமோகோ கேட்டான். கெட்ட சேதி இல்லை, என் பெயர் கொண்டவனைப் பார்க்க வந்தேன் என்றார். குழந்தையை மடியில் வைத்தோம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்த்தார்கள். அதே புருவம். நான் இதுவரை கவனித்ததில்லை.

ஃபுஃபு சாப்பிட்ட பிறகு டிவிடியைப் போடச் சொன்னார். கொண்டுவந்திருந்தார். சட்டைப் பையில், கைக்குட்டையில் சுற்றி. "அதான் நூறு தடவை பாத்தாச்சே அப்பா" என்றாள் அட்வோவா. "இங்க வச்சுப் பாக்கல" என்றார்.

மனு ஆக்யா குழந்தையை வாங்கினார். தண்ணீர். ஜின். குவாசி முகத்தைக் கோணினான். கோப்பையைத் தூக்கிய இடத்தில், இனி நிற்காது என்று தெரிந்தும், நாங்கள் நான்கு பேரும் அசையாமல் இருந்தோம். அமோகோ என் கையைப் பிடித்திருந்தான், எப்போது பிடித்தான் என்று தெரியவில்லை.

"ஒடுரோ" என்று அழைத்தார் மனு ஆக்யா.

"இருக்கேன்" என்றார் மாமா, நாற்காலியிலிருந்து.

பிறகு என் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொண்டு வாம்மா என்றார்.