வந்தவளை வரவில்லை என்று எழுதிய கை

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் இருமலைத் தவிர எல்லாரும் சுகம், நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் எனக்கு மீதி சுகமும் வந்துவிடும். போன கடிதத்தில் "விட்டுத் தொலைம்மா, நமக்கு எதுக்குப் பகை" என்று எழுதியிருந்தாய். நான் விடவில்லை.

குடிநீர் ஆபீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் உன் தங்கைதான் முதல், ஆனால் நேர்காணலை இரண்டாம் மாடியில் வைத்தார்கள், லிஃப்ட் கிடையாது, முப்பத்திரண்டு படி. காலை ஒன்பது மணிக்கே போய்ச் சக்கர நாற்காலியில் படிக்குக் கீழே காத்திருந்தாள், நான் பக்கத்தில். மேனேஜர் மேலிருந்து எட்டிப் பார்த்து, ரெண்டு பேர் சேர்ந்து தூக்கிட்டு வாங்களேன், என்ன பெரிய மூட்டையா என்றார். மூட்டை இல்ல சார், மனுஷி, நீங்க கீழ வந்து கேள்வி கேளுங்க என்றாள் இவள். சாயங்காலம் பார்த்தால் பதிவேட்டில் இவள் பெயருக்கு நேரே "வரவில்லை". எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

தூக்கிச் சுமப்பது தயவு, ஏறிவர வழி செய்வதுதான் உரிமை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்று நாங்கள் யோசனை கேட்கப் போன வக்கீலம்மா புரியவைத்தாள். மேலிடத்தில் புகார் கொடுத்தோம். விசாரணைக்குக் கூப்பிட்டு மேனேஜரே கடிதம் அனுப்பினார், இடம் எது தெரியுமா, அதே இரண்டாம் மாடி! உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அந்தக் கடிதத்தையும் புகாரோடு சேர்த்தோம், விசாரணை அதிகாரி அதைப் படித்துவிட்டு எல்லாரையும் கீழே இறக்கினார். மேனேஜர் தன் கையாலேயே "வரவில்லை"யை அடித்துவிட்டு "வந்திருந்தார்" என்று எழுதினார், நான் கண் கொட்டாமல் பார்த்தேன். பாவம் என்று துளிகூடத் தோன்றவில்லை.

இப்போது வாசலில் சாய்தளம் இருக்கிறது, நேர்காணலைக் கீழேயே வைத்தார்கள், தங்கைக்கு வேலையும் கிடைத்துவிட்டது. கீழ்த்தளத்தில் மேசை, வருகைப் பதிவேடு அவள் பொறுப்பு. மேனேஜர் தினமும் அவள் முன்னால் குனிந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை பத்து நிமிஷம் தாமதம், சிவப்பு மையில் குறித்துவிட்டாள். வாசல்லதாம்மா நின்னு போன் பேசிட்டிருந்தேன் என்று குழைந்தாராம். கீழ நின்னா வந்த கணக்கு இல்லைன்னு நீங்கதானே சார் எழுதினீங்க என்றாளாம். நானாக இருந்தால் அன்றைக்கு முழுக்க "வரவில்லை" என்றே போட்டிருப்பேன், அதைச் சொன்னதும், பொய் எழுதுறது அவர் பழக்கம், நமக்கு வேண்டாம்மா என்றுவிட்டாள். அந்தப் பெருந்தன்மை அவள் எங்கே கற்றாளோ, என்னிடம் இல்லை.

ஆண்டவன் உன்னை நல்லபடி வைக்கட்டும். அப்பாவின் இருமலுக்கு அங்கிருந்து மருந்து எதுவும் அனுப்பாதே, அவர் குடிக்க மாட்டார். லீவில் வரும்போது அந்த ஆபீசுக்குக் கூட்டிப் போகிறேன், கால் நன்றாக இருக்கிறதே என்று படியில் ஏறிவிடாதே, சாய்தளத்தில்தான் வர வேண்டும், அதுவும் மேனேஜர் பார்க்கும்படி, மெதுவாக.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத,
ஆற வேண்டும் என்றும் நினைக்காத
உன் அம்மா