பிஸ்கோத்து ஓடிப்போன கதை

1942 அக்டோபர் 20, செவ்வாய்

விடாத மழை. திண்டிவனத்திலிருந்து வந்த டிரங்குப் பெட்டிகள் இன்னும் கூடத்திலேயே. சென்னையில் குண்டு விழும் என்று ஏப்ரலில் பள்ளிக்கூடத்தோடு ஓடினோம், இப்போது பள்ளிக்கூடத்தோடு திரும்பியாயிற்று. சாந்தோம் அப்படியே இருக்கிறது. வீடும் அப்படியே. நாய் மட்டும் இல்லை.

நேற்று வண்டியை விட்டு இறங்கியதுமே "பிஸ்கோத்து!" என்று கூப்பிட்டேன். சத்தமே இல்லை. தம்பி சவரி குடையும் கையுமாக நின்றுகொண்டு, "ஓடிப்போச்சுக்கா" என்றான். தந்தி ஆபீஸ்காரன். ஊர் காலியானபோதும் லீவு கிடைக்காமல் இங்கேயே இருந்தவன். அவனை நம்பித்தான் விட்டுப் போனேன்.

எப்போது? "மே மாசம்." எப்படி? "கதவு திறந்திருந்தது." தேடினாயா? "தேடாம இருப்பேனா?" சொல்லிக்கொண்டே காதைச் சொறிந்தான். சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் காதைச் சொறிவான்.

கிழட்டு நாய். பின்னங்காலில் வாதம். படியிறங்கவே என் கை வேண்டும். அது ஓடிப்போனதாம்! கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதினானா? "இங்கு எல்லோரும் சௌக்கியம்." எல்லோரும் என்றால் யார்?

அக். 21, புதன்

வெயில். துணி உலர்த்தியாயிற்று. பால்காரன் பாலில் தண்ணீர். நாங்கள் இல்லாத நேரத்தில் கை நன்றாகத் தேறியிருக்கிறது.

நாய்ச் சங்கிலி சமையலறை ஆணியில். துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டியிருக்கிறது. ஓடிப்போன நாயின் சங்கிலிக்கு எண்ணெய் எதற்கு? தட்டும் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. தன் தட்டை ஒருநாளும் கழுவாதவன்.

பிற்பகல் அந்துருண்டை போட அம்மாவின் பெட்டியைத் திறந்தேன். நீலச் சேலை இல்லை. அம்மா கடைசி வரைக்கும் வீட்டில் கட்டியது. கேட்டேன். "சேலையைப் பத்தி எனக்கென்னக்கா தெரியும்?" மறுபடி காது.

அக். 24, சனி

கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பால்காரனைத் திட்டியது, சவரிமேல் சந்தேகம், எல்லாம் சொன்னேன். எனக்கு எதையும் மறைக்கத் தெரியாது, மறைத்தால் சோறு இறங்காது. சகோதரனை நம்பச் சொன்னார் சாமியார். மூன்று பிரியதத்த மந்திரம் அபராதம். சொல்லி முடித்தேன். நம்பிக்கை வரவில்லை.

தலைவலி. கட்டுரை நோட்டுகள் திருத்தவில்லை.

அக். 26, திங்கள்

மீன்காரி கன்னியம்மா வந்தாள். "இன்னா டீச்சரம்மா, இப்டி எளச்சிப் பூட்டே?" மத்தி வாங்கினேன். நாயைப் பற்றிக் கேட்டேன்.

"நாயா? நாய நான் பாக்கல. உன் தம்பியத்தான் பாத்தேன். சைக்கிள் பின்னால பெரிய மூட்ட கட்டிக்கினு அடையாத்துப் பக்கமா தள்ளிக்கினு போனாரு. மண்ட பொளக்குற வெயிலு. ஊர்ல ஈ காக்கா கெடையாது. இன்னா நைனா மூட்டன்னு கேட்டேன், வாயே தொறக்கல. மூஞ்சி ஒரு மாரி கீது."

"என்ன துணியில் கட்டியிருந்தான்?"

"நீலத் துணி. பொடவ மாரி."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் வாசலிலேயே நின்றேன். அடையாற்றுப் பக்கம் அப்போது பட்டாளத்து முகாம் இருந்ததாம். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு நாய் என்றால் உயிர். கொடுத்துவிட்டானா? அம்மாவின் நாயை, அம்மாவின் சேலையில் சுற்றி?

இரவு சவரிக்குச் சோறு பரிமாறவில்லை. அவனே போட்டுக்கொண்டான். மத்திக் குழம்பைத் தொடவில்லை.

அக். 30, வெள்ளி

கேட்டேவிட்டேன். "பட்டாளத்துக்காரனிடம் கொடுத்தாயா?"

சோற்றில் கைவைத்தபடி என்னையே பார்த்தான். "சரி, அப்படியே வெச்சுக்கோ." எழுந்து போய்விட்டான். காதைச் சொறியவில்லை. அதுதான் குழப்பம்.

அம்மாவை அடக்கம் செய்த நாள் நினைவு வந்தது. பெட்டிக்குப் பின்னாலேயே பிஸ்கோத்து கல்லறைத் தோட்டம் வரை வந்தது. காவல்கார அந்தோணி கம்பை எடுத்துவிட்டார். "மந்திரிச்ச மண்ணுல நாய வுடக்கூடாது!" நாங்கள் திரும்பி வரும்வரை வாசலிலேயே கிடந்தது. வீட்டுக்கு வர மறுத்த நாயைச் சவரிதான் மார்போடு தூக்கி வந்தான். இவனா கொடுத்திருப்பான்?

ஆனால் சேலை? மூட்டை?

நவ. 1, ஞாயிறு

பூசைக்குப் பிறகு பெரிய தூறல். நாளை கல்லறைத் திருநாள். வேண்டியவை: சுண்ணாம்பு, அதை அடிக்க மட்டை, சாமந்தி, ஊதுவத்தி, மெழுகுவர்த்தி.

சவரி வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்தேன். மெழுகுவர்த்தி மூன்று. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. மூன்றாவது யாருக்கு?

"ஒண்ணு ஒடைஞ்சா இருக்கட்டும்னு." காது.

யாருக்கு என்று தெரிகிற மாதிரி இருக்கிறது. எழுத மாட்டேன்.

நவ. 2, திங்கள்

கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். அடையாற்றுச் சேற்று வாடை. இருவருமாகச் சுண்ணாம்பு அடித்தோம். அப்பா, அம்மா தலைமாட்டில் நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன். சவரி நகர்ந்து போய் அம்மாவின் காலடியில் குந்தினான். அங்கே கிளிஞ்சல் பதித்த ஒரு சின்ன மேடு. காற்றுக்குக் கையைக் குவித்து மூன்றாவதை ஏற்றினான்.

அவனே சொன்னான், குனிந்தபடி, மெதுவாக.

"தூக்கத்துலயே போயிடுச்சுக்கா. அம்மா கட்டிலுக்குக் கீழே. முந்தின ராத்திரிகூட நல்லா சாப்பிட்டுச்சு. அம்மா சேலையில சுத்தி எடுத்துட்டு வந்தேன். அந்தோணி அண்ணனும் ஊருக்கு ஓடியிருந்தார். இந்தத் தடவை வாசல்ல தடுக்க ஆளே இல்லை."

"எனக்கு ஏன் எழுதவில்லை?"

"உனக்கா? சனிக்கிழமையானா பாவசங்கீர்த்தனத் தொட்டியில போய்க் கொட்டிடுவே. சாமியார் தோண்டி எடுக்கச் சொல்லிட்டா?"

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அதற்குள் அழுகை வந்துவிட்டது. கிளிஞ்சல்மேல் கை வைத்தேன். வாதக்காலோடு, என் கையும் இல்லாமல் எப்படி இவ்வளவு தூரம் வந்தாய்?

அந்தோணி வந்துகொண்டிருந்தார். சட்டென்று எழுந்து மேட்டை மறைத்து நின்றேன். வெளிச்சம் மறையவில்லை.

"இன்னா டீச்சரம்மா, ரெண்டு பேருக்கு மூணு மெழுவத்தியா?"

"ஒன்று உடைந்தால் இருக்கட்டும் என்று வாங்கினோம்."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், என் கை காதில் இருந்தது. சவரியும் கவனித்தான்.

நவ. 7, சனி

மழை. பால் இன்று கொஞ்சம் கெட்டி. நோட்டுகள் திருத்தி முடித்தேன்.

மாலை பாவசங்கீர்த்தனம். தம்பிமேல் வீண் சந்தேகம், சொன்னேன். சோறு பரிமாறாதது, சொன்னேன். பால்காரன், வழக்கம்போல.

"வேறே?" என்றார் சாமியார்.

வலைத்தடுப்புக்கு அப்பால் அவர் மூச்சு கேட்டது. மந்திரித்த மண். நீலச் சேலை. கிளிஞ்சல்.

"வேறொன்றும் இல்லை, சாமி."

வீட்டுக்கு வந்து சவரிக்கும் எனக்கும் சோறு போட்டேன். நன்றாகவே இறங்கியது.