மாமன் சீராக வந்த எல்போ

என் மாமாவுக்கு,

கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி அணைத்தீர்கள். "ஏட்டி, தண்ணியெல்லாம் நல்லா வருதுல்ல?" என்று கேட்டீர்கள். "நல்லா வருது மாமா" என்றேன். குளியலறைச் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஊறிப் போயிருக்கிறது என்று சொல்லவில்லை. சுவருக்குள் குழாய்களை வளைத்து இணைக்கும் எல்போக்களை ஒவ்வொன்றாக உடைத்து மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லவில்லை. நீங்கள் கொடுத்த சாமான் பழுது என்று சொல்லவில்லை.

அம்மா எனக்குப் பின்னால் கதவருகே நின்றிருந்தாள். அவளும் சொல்லவில்லை. நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பிப் போனீர்கள்.

நான் சமைந்தபோது நீங்கள் கொண்டுவந்த சீரைப் பார்த்து அப்பா வீட்டு ஆட்கள் என்ன பேசினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். "தாய்மாமன் வாராருன்னு பாத்தா, தாம்பாளம் மட்டும்லா வருது" என்று சிரித்தார்கள். அப்போது உங்கள் பைப்புக் கடை படுத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு அப்பா எதற்கெடுத்தாலும் "உங்க அண்ணன்" என்று ஆரம்பிப்பார். அந்த இரண்டு சொல்லைக் கேட்டாலே அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள்.

அதனால்தானே இராஜபாளையத்தில் நாங்கள் வீடு கட்டத் தொடங்கியதும் முதல் ஆளாக வந்து நின்றீர்கள்? "அண்டாவும் குத்துவிளக்கும் வாங்கிக் குடுத்தா பரண்ல தூங்கும். தண்ணி லைன் சாமான் பூரா என் செய்முறை" என்றீர்கள். லோடு ஆட்டோவில் பைப்பு வந்தது. பூசாத சுவர்களுக்கு நடுவே அத்தை தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நடந்து வந்தார். வெற்றிலை, பழம், மஞ்சள் கிழங்கு, நடுவில் குவியலாக எல்போவும், மூன்று பக்கம் பிரியும் டீ இணைப்பும். ஒவ்வொன்றின் மேலும் குங்குமம்.

"என்ன மச்சான், எல்போவுக்கும் பொட்டு வச்சிட்டீக?" என்றார் அப்பா.

"தண்ணி நொழையிற வாசல்லா மாப்ள! பொட்டு இல்லாம எப்படி?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

பிளம்பர் மட்டும் ஒரு எல்போவைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். "பைப்பு நல்லாருக்குக்கா. எல்போதான் கைக்கு லேசா இருக்கு. தண்ணி நெறப்பி ஒரு நா விட்டுப் பாத்துட்டுப் பூசுவோம்" என்றார். சொந்தக்காரர்கள் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கண்ணன் கொண்டாந்த சீரச் சோதிச்சுப் பாத்தாத்தான் சொவத்துக்குள்ள வைப்பியளோ?" என்று கேட்டாள். அவர் எல்போவைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்தார். கூடப்பிறந்தவன் தந்த வெள்ளி டம்ளரை அவன் எதிரிலேயே உரசிப் பார்ப்போமா? அப்படித்தான் அன்று எங்கள் எல்லாருக்கும் தோன்றியது. சோதிக்காமலே பூசினார்கள். அதன் மேல் டைல்ஸ் ஒட்டினார்கள்.

பால் காய்ச்சிய பிறகு அப்பா மாறிவிட்டார். வீடு பார்க்க வருகிறவர்களைக் குளியலறைக்குக் கூட்டிப் போய்க் குழாயைத் திறந்து காட்டுவார். "எங்க மச்சான் குடுத்த தண்ணி. ஒரு வீட்டுக்கே!" என்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அம்மா காத்துக்கிடந்த வார்த்தை அது. அடுப்பங்கரையில் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

முதலில் சுவரில் பெயின்ட் உப்பியது. அப்பா மில்லுக்குக் காலை ஷிப்ட் போனதும் அம்மா பிளம்பரை வரவழைத்தாள். அவர் ஒரு டைல்ஸை உடைத்தார். எல்போவின் வார்ப்புக் கோட்டை ஒட்டி மெல்லிய கீறல். விரலால் அழுத்தியதும் முறுக்கு மாதிரி ஒடிந்தது.

"இது ஒண்ணோட நிக்காதுக்கா. எல்லாம் ஒரே பெட்டிச் சாமான். மொத்தமா ஒடச்சு மாத்திருங்க."

"இத மட்டும் மாத்துங்க. அவியகிட்ட மூச்சு விட்றாதிய" என்றாள் அம்மா. அவிய என்றது அப்பாவை.

பிளம்பர் போன பிறகு நான் கேட்டேன். "மாமாகிட்டயாச்சும் சொல்லுவோம்மா. கடையிலயும் அதத்தான விப்பாங்க?"

"சொன்னா அந்த நிமிசமே வண்டியத் தூக்கிட்டு வந்து நிப்பாரு. சொவத்த இடிப்பாரு. உங்கப்பாவுக்குத் தெரியும். பொறவு சாகுற மட்டும் இந்த வீட்டுல எங்கண்ணனுக்குப் பேரே எல்போதான்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு இன்னொன்று ஒடிந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மா, அங்கே கழித்துப் போடுகிற துணியைப் பையில் கொண்டுவந்து சுவரடியில் திணிப்பாள். அப்பா வருவதற்குள் பிழிந்துபோட்டு வேறு துணி வைப்பாள். டைல்ஸ் ஒட்டியவன் சரியில்லை என்று அப்பாவிடம் சொல்லிவைத்தாள். அப்பா அந்த ஆளைப் பார்க்கிற இடத்திலெல்லாம் ஏசினார். ஒரு பாவமும் அறியாத மனிதர். கோவில் தெருவில் எங்களைக் கண்டால் ஒதுங்கிப் போவார்.

பிளாஸ்டிக்கில் சுண்ணாம்புப் பொடியை அளவுக்கு மேல் கலந்தால் இப்படித்தான் நொறுங்கும் என்று பிறகு படித்தேன். செய்தவன் யார் என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஊர்ப் பெயர்கூட அதில் இல்லை. உங்களிடம் அதைத் தள்ளிவிட்டுப் போன ஏஜெண்ட், கம்பெனிச் சாமானும் இதுவும் ஒன்று, பேர் மட்டும்தான் வேறு என்று சொன்னானாமே. நம்பினீர்கள். நாங்கள் உங்களை நம்பினோம்.

பிறகு ஒரு காலையில் உங்கள் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது நீங்கள் இல்லை.

இரண்டு கையிலும் வாளி நிறையத் தண்ணீரோடு மாடிப்படி ஏறும்போது வழுக்கி விழுந்தீர்கள் என்றார்கள். பின்மண்டையில் அடி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். எதற்காக வாளியில் தூக்கினீர்கள் என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆண்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வீட்டைக் கழுவ வேண்டியிருந்தது. நான் மாடிக் குளியலறையில் குழாயைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை. சுவரெங்கும் உடைத்துப் பூசிய தடம்.

அத்தை வந்து வாசலில் நின்றார். "அதுல வராது தாயி. அவிய லைன மூடிப் போட்டாவ. கீழ தொட்டியில இருந்துதான் தூக்கணும்."

"ஏன் அத்தை?"

"உங்க வீட்டுக்குக் குடுத்தது போக மிஞ்சுன பெட்டியத்தான் இங்க மாட்டுனாவ. மொத ஒரு எடத்துல ஒழுகுச்சு. பிரிச்சு ஒட்டுனாவ. பொறவு இன்னொரு எடம். சாமான் கோளாறா இருக்குமோன்னு கேட்டேன். 'தங்கச்சி வீட்டுல அதே பெட்டிதான், ஒரு சொட்டு ஒழுகல. நான் ஒட்டுனதுலதான் கோளாறு'ன்னுட்டாவ. ஒவ்வொரு தடவ உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போயி இதையேதான் சொல்லுவாவ. ஒட்டி ஒட்டிச் சலிச்சுப் போயி, கடைசில வாளியத் தூக்குனாவ."

ஈரத் தலையோடு அம்மா படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா, வண்டியை அணைத்துவிட்டு நீங்கள் கேட்டது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. வந்தபோதெல்லாம் கேட்டீர்களே. ஒருதடவையாவது நாங்கள் இல்லை என்று சொல்லிவிட மாட்டோமா என்றுதான் கேட்டீர்களா? சொல்லியிருந்தால் அன்றைக்கே சாமானைத் தூக்கிப் போட்டிருப்பீர்களா? இல்லை, உள்ளூரத் தெரிந்தும் எங்கள் வாயால் அது பொய்யாகட்டும் என்று இருந்தீர்களா? உங்கள் வீட்டில் ஒழுகியதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை? எனக்கு உங்கள் மேல் கோபம்கூட வருகிறது. வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும், கடைச் சரக்கை மொத்தமாக எடுத்துக்கொள்ள ஒரு வியாபாரி வந்தார். அத்தைக்கு இனி இருப்பது அந்தச் சரக்கு ஒன்றுதான். வியாபாரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து அந்த எல்போப் பெட்டிகளின் மேல் கை வைத்தார். சொந்தம் எல்லாம் உட்கார்ந்திருந்தது. அப்பாவும் இருந்தார். அம்மா எழுந்தாள்.

"மதினி, அந்தப் பெட்டிகளக் குடுக்காதிய."

"ஏன்?"

"அது பழுது. எங்க வீட்டுல அம்புட்டும் ஒழுகுது. குடிபோன வருசத்துல இருந்தே."

அத்தைக்கு முதலில் புரியவில்லை. "நல்லாருக்குன்னுல்ல சொன்னிய?"

"பொய் சொன்னோம் மதினி. எங்கண்ணன் பேரு கெட்டுரும்னு பொய் சொன்னோம். இது இன்னொரு வீட்டுச் சொவத்துக்குள்ள போகக் கூடாது."

வியாபாரி கையை எடுத்துக்கொண்டார். பக்கத்துப் பெட்டியையும் ஒருமுறை பார்த்தார். "அப்ப மத்த சாமானும் எப்படியோ? யோசிச்சுட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டினார். அவர் திரும்பி வரவே இல்லை.

அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. "மனுசன் உசுரோட நின்னு கேக்கும்போது உனக்கு வாய் வரல. இப்ப வந்து கடையையும் மூடிட்டியேட்டி" என்றார். அத்தை சொன்னதில் எது தப்பு?

பழுதுப் பெட்டிகளைக் கடைக்குப் பின்னால் போட்டு நானும் அப்பாவும் மிதித்து உடைத்தோம். ஒன்றுகூட நிற்கவில்லை. அத்தை தடுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அப்பா உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை மாமா. திரும்பி வரும்போது பஸ்ஸில், "அந்த டைல்ஸ்காரன ஊரெல்லாம் ஏசிட்டேன்" என்றார். அதோடு சரி. மறுநாள் லீவு போட்டு, குளியலறைச் சுவரைத் தானே இடித்தார். இப்போது லைன் முழுக்கப் புதுசு. பழைய நிறத்தில் டைல்ஸ் கிடைக்காததால் சுவரில் ஒரு பட்டை வேறு நிறத்தில் ஓடுகிறது.

அம்மாவால் இதையெல்லாம் இன்னொரு முறை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி நான் எழுதுகிறேன். உங்களிடம் அந்த எல்போவை வாங்கியவர்கள் யார் யார் என்று உங்கள் கூட்டாளிகளிடமும் பிளம்பர்களிடமும் விசாரித்துப் போய்ச் சொல்லி வருகிறேன். சில வீட்டில் உட்காரச் சொல்கிறார்கள். சில வீட்டில் உங்களை ஏசுகிறார்கள். அவர்கள் முடிக்கும்வரை நின்று கேட்கிறேன். சுவருக்குள் அந்தச் சாமான் இருக்கிற கடைசி வீடு வரை போவேன் மாமா. இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

அத்தை கடையைக் காலி செய்துவிட்டு, சேத்தூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அம்மாவும் நானும் போன வாரம் பார்க்கப் போனோம். உள்ளே இருந்துகொண்டே, இல்லை என்று சொல்லச் சொன்னார்.

உங்கள் தங்கச்சி பெற்ற மருமகள்