நேரம் ஓட இடம் வேண்டும்

இன்று காலை ஒரு நில அளவைக்குப் போகும் வழியில், குன்னூரைத் தாண்டியதும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பக்கவாட்டு ஜன்னல் திறந்திருந்தது. அரைத்துப் பரப்பிய இலை காற்றுப் பட்டு நிறம் மாறும்போது வருகிற வாசனை. முதலில் பச்சை ஆப்பிள் மாதிரி, பிறகு மெல்ல இனிப்பாக. ஜீப்பை நிறுத்தச் சொல்லிக் கொஞ்சம் நின்றேன். "இன்னும் நாலு நிமிஷம் போவட்டும்" என்று நீ சொல்லியிருப்பாய். இலையை எப்போது உலர்த்த அனுப்புவது என்று மூக்கால் முடிவு செய்வதுதான் உன் வேலை. நீ வேலை பார்த்த அறைச் சுவரில் கடிகாரம் இருந்தது. நீ அதைப் பார்த்து நான் கண்டதில்லை.

நீ கூடலூர்க்காரி. நான் சர்வேயர் வேலை கிடைத்துக் காரமடையிலிருந்து மலையேறியவள். சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வாடகை வீட்டில் ஆறு வருடம் சேர்ந்து இருந்தோம். சமையலில் சண்டை இல்லை, வாடகையில் சண்டை இல்லை. நம் சண்டை எல்லாம் ஒன்றே ஒன்றுதான்.

அது தொடங்கியது ஊட்டிக்கு அப்பால், கிளென்மார்கன் மலையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மூடுபனி வந்து நம் கைகளையே மறைத்துவிட்டது. நடக்க பயந்து ஒரு பாறையில் உட்கார்ந்தோம்.

"ஏம் புள்ள, இப்ப எடம் எங்க இருக்குது? ஒண்ணுமே இல்ல. ஆனா நேரம் போயிட்டுத்தான இருக்குது?" என்றாய்.

"எடம் இருக்குது. உனக்குத் தெரியல, அவ்வளவுதான்."

"செரி, நெசமாவே எடமே இல்லைன்னு வெச்சுக்க. நேரம் மட்டும் இருக்கலாமல்ல?"

முடியாது என்றேன். ஏதாவது ஒன்று அசைந்தால்தான் நேரம். அசைய இடம் வேண்டும். சூரியனானாலும் கடிகார முள்ளானாலும் இங்கிருந்து அங்கே போனால்தான் பொழுது போனது என்கிறோம். நீ விடவில்லை. "ஒரு நெனப்பு வருது, அதுக்கு அப்புறம் இன்னொண்ணு வருது. அதுக்கு எத்தனை அடி எடம் வேணும்?" என்று கேட்டாய். பனி விலகும்வரை பேசினோம். விலகிய பிறகு வீடுவரைக்கும் பேசினோம்.

அப்புறம் எத்தனை தடவை! முன், பின் என்ற சொற்களே என் பக்கம்தான் என்று ஒருநாள் மடக்கினேன். வீட்டுக்கு முன்னால், வீட்டுக்குப் பின்னால் என்கிற அதே வார்த்தையைத்தானே நேரத்துக்கும் சொல்கிறோம்? நீ தோசையைத் திருப்பிப்போட்டுக்கொண்டே, "பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிருமா?" என்றாய்.

ஆறாவது வருட மழைக்காலத்தில் நான்கு நாள் விடாத மழை. காலை ஏழு மணிக்குப் பால் வாங்கப் போனேன். உனக்கு அன்று லீவு, படுத்திருந்தாய். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் வீட்டின் பின்பாதி இல்லை. மேட்டு மண் முழுவதும் அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

தீயணைப்புக்காரர்கள் வந்து வாசல் பக்கமிருந்து தோண்டத் தொடங்கினார்கள். என் கண் அளந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, அது அடுப்படி. அவ படுத்திருந்தது இங்கிருந்து பதினோரு அடி, எடது பக்கம்" என்றேன்.

"மண்ணு ஊட்டையே தள்ளிட்டு வந்திருக்குதுங்கம்மா. பழைய அளவெல்லாம் செல்லாதுங்க" என்றார் அவர்களில் மூத்தவர்.

"வாசப்படி நாலடி நவுந்திருக்குது. அதையும் சேத்துத்தான் சொல்றனுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆட்களை இடது பக்கம் திருப்பினார். மாலை நான்கு மணிக்கு, சாய்ந்து கிடந்த பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த பொந்திலிருந்து உன்னை எடுத்தார்கள். கால் உடைந்திருந்தது. உயிர் இருந்தது. தெருவில் உட்கார்ந்து அப்படி அழுதேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நீ என்ன சொன்னாய் தெரியுமா? "நான் ஜெயிச்சுட்டேன் புள்ள."

இருட்டு. விரல்கூட அசையவில்லை. கை எங்கே, கால் எங்கே என்றே தெரியவில்லை. இடம் என்று எதுவுமே இல்லை, ஆனால் நேரம் இருந்தது, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது என்றாய். எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்று கேட்டேன். உன் மூக்கு நிமிடம் தவறாதே.

"ரெண்டு மணி நேரம் இருக்குமா?"

"ஒம்பது."

"அளக்க முடியலீன்னா இல்லைன்னு ஆயிருமா?" என்றாய். அன்றைக்கு விட்டுக்கொடுத்தேன். மண்ணுக்குள்ளிருந்து வந்தவளோடு யார் வாதாடுவது?

பத்து வருடம் அந்த வெற்றியோடு இருந்தாய். கோயம்புத்தூரில் உனக்குப் புற்றுநோய் வைத்தியம் நடந்தபோது, ஒரு மத்தியானம் நான் கேட்காமலே சொன்னாய்.

"உங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். அன்னைக்கு மண்ணுக்குள்ள மொதல்ல நேரமே இல்ல புள்ள. ஒரே பயம், அது நகரவே இல்ல. அப்புறம் நானா மனசுக்குள்ள கூடலூர் பஸ் ஏறுனேன். ஊட்டி, தலைகுந்தா, பைக்காரா, நடுவட்டம்னு ஒவ்வொரு ஸ்டாப்பா போனேன். வளைவு வளைவா எறங்குனேன். ஊடு போய்ச் சேந்தா திரும்ப ஊட்டியிலிருந்து ஏறுவேன். அப்பத்தான் நேரம் ஓட ஆரம்பிச்சுது."

"இதை ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ ஜெயிச்சுருவீல்ல?"

நாம் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். மூன்று வாரத்தில் நீ போய்விட்டாய்.

நீ இப்போது இடமில்லாத ஏதோ ஒரு காலத்தில் இருக்கிறாய் என்று சிலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் ஏற்கவில்லை. நீயும் ஏற்றிருக்கமாட்டாய். இடம் இல்லாமல் நேரம் இல்லை என்றுதான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஒரே ஒரு திருத்தம், அதுவும் நீ கொடுத்தது. அந்த இடம் காலுக்குக் கீழேதான் இருக்கவேண்டும் என்பதில்லை. நினைவில் இருந்தாலும் பொழுது அதில் நடந்துவிடுகிறது.

போன மாதம் முதுகுவலிக்கு ஸ்கேன் எடுக்க என்னை ஒரு குழாய்க்குள் தள்ளினார்கள். அசையக்கூடாது என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு குன்னூரில் பஸ் ஏறி, காரமடைப் பக்கம் இறங்கத் தொடங்கினேன். காட்டேரி வந்தது. பலாப்பழக் கடைகளோடு பர்லியார் வந்தது. வெயில் ஏறி ஸ்வெட்டரைக் கழற்றினேன்.

வெளியே இழுத்தபோது ஸ்கேன் எடுத்த பெண் கேட்டாள். "பயந்துட்டீங்களாக்கா?"

"இல்ல கண்ணு" என்றேன். "இப்பத்தான் கல்லாறு தாண்டுனேன்."