ஈயடிச்சான் காப்பி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. மாடி அறை ஒழுகுவது ஒருவழியாக நின்றுவிட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயிலேயே பொழுதை ஓட்டுகிறாயா என்று அப்பா கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன். பதிலில் புளுகாதே.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். போனில் கேட்டிருக்கலாமே என்று முதலில் கோபம்கூட வந்தது. என் பதிலை உன் மென்பொருள் குழுவில் எல்லோருக்கும் காட்டப் போகிறாய் என்று கடைசியில் எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. தாராளமாகக் காட்டு. பிள்ளைகளே, நான் அன்று எழுதிய கம்ப்யூட்டர் நிரலிலிருந்து ஒரு வரிகூட இதில் வராது. பயப்படாமல் படியுங்கள்.

மூன்று வருடமாக உனக்கும் எனக்கும் நடுவில் உங்கள் குழுவின் அந்த விதி நிற்கிறது. பழைய நிரலைப் பார்த்தவர் புதியதை எழுதக்கூடாது, எழுதுகிறவர் பழையதைப் பார்க்கக்கூடாது. நியாயமான விதிதான். ஆனால் நான் ஆபீஸ் பேச்சை எடுத்தாலே, "அம்மா, அதை மட்டும் பேசாதே, வேற ஏதாவது சொல்லு" என்பாய். மழையையும் முழங்காலையும் எத்தனை நாள்தான் பேசுவது? இப்போது நீயே கேட்டுவிட்டாய். சின்ன வயதில் அந்த நிரலை நீ பார்த்திருக்கிறாயா, பார்த்திருந்தால் இந்த வேலையிலிருந்து விலக வேண்டுமே என்று. வாய்ப்பூட்டைக் கழற்றிவிட்டாய், இனி நான் கொட்டாமல் விடுவேனா?

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டே அறை. கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு மட்டும் ஏசி. மற்றதில் நாங்கள் வெந்துகொண்டிருப்போம். முதலாளிக்கு சோடாப்புட்டி என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ளமாட்டார். தையற்கடைக்காரர் உடம்பு அளவுகளைக் கொடுத்தால், துணியை எப்படி வெட்டுவது என்று காகிதத்தில் பேட்டர்ன் வரைந்து தருகிற மென்பொருள் எங்களுடையது. முதல் பேட்டர்ன் சரியாக வந்த அன்று சோடாப்புட்டி அதைச் சட்டைமேல் வைத்துக்கொண்டு மாடிப்படி முழுக்க ஏறி இறங்கினார். ஜெராக்ஸ் கடைக்காரர், "உங்க முதலாளிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்த நாள் மாதிரி இன்னொரு நாள் எனக்கு வாய்க்கவில்லை, உன்னைப் பெற்ற நாளைத் தவிர. அதிலும் வலி இருந்தது.

பிறகு அவர் உடம்புக்கு முடியாமல் போய் எல்லாவற்றையும் பெரிய கம்பெனிக்கு விற்றார். அவர்கள் பழையதை நிறுத்திவிட்டு மாதவாடகைக்குப் புதியது கொண்டுவந்தார்கள். அதில் பழைய பேட்டர்ன்கள் திறக்காது. நம் தெருமுனைத் தையற்கார அக்காவின் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் அந்தப் பழைய கோப்புகளுக்குள்தான் இருந்தார்கள். முதுகு வளைந்த ஒரு பெரியவருக்கு எத்தனையோ தடவை வெட்டிப் பார்த்துப் பொருத்திய சட்டை உட்பட. "நீங்க எழுதினதுதானே, நீங்களே திறந்து குடுங்களேன்" என்று என்னிடம் கேட்டாள். யாரிடமும் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டவள் நான். தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையைக்கூட வாங்காமல் திரும்பி வந்தேன்.

அதைத் திறந்தது உங்கள் குழு இலவசமாகக் கொடுக்கிற மென்பொருள். இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன். நீ இந்த வேலையில் சேர்ந்தபோது எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்ததை இவள் ஊருக்கெல்லாம் சும்மா தூக்கிக் கொடுக்கப் போகிறாளே என்று. எங்கள் டிஸ்க்கைத் திருட்டுத்தனமாகக் காப்பி எடுத்து விற்றவர்களால் சோடாப்புட்டி பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவள் நான். நீங்கள் செய்வது அதுவல்ல என்று தெரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. நீங்கள் அவர் பீரோவைத் தூக்கவில்லை. வெளியே நின்று பார்த்து, உங்கள் மரத்தில் நீங்களே ஒரு பீரோ செய்தீர்கள். நீங்கள் உள்ளே எட்டிப் பார்க்காதவரைக்கும் இதில் தப்பில்லை.

இப்போது அந்தக் கம்பெனி கேட்பதும் அதைத்தான். எங்கள் பழையது, உங்களுடையது, இரண்டு மென்பொருளிலும் இடது கைக்குழி, கை வைத்துத் தைக்கிற அந்த வளைவு, வலதைவிட ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கீழே இறங்கியிருக்கிறது. தையல் கணக்கில் அதற்குக் காரணமே இல்லை. புதியதில் அதை எழுதிய பெண்ணோ பழையதை எழுதியவளின் மகள். ஆக, உள்ளே பார்த்து எடுத்ததுதான் என்கிறார்கள். சுற்றி வளைத்து அவர்கள் சொல்வது ஈயடிச்சான் காப்பி என்று. பழைய தாளில் செத்து ஒட்டிக்கிடந்த ஈயைப் பார்த்துவிட்டு, இன்னொரு ஈயை அடித்துத் தன் தாளிலும் ஒட்டினானாமே ஒரு குமாஸ்தா, அந்தக் கதை. எல்லாப் பழைய பேட்டர்னிலும் அந்தச் சரிவைப் பார்த்தோம், ஏனென்று தெரியவில்லை, அதை விட்டுவிட்டால் பழைய சட்டைகளுக்குக் கை பொருந்தவில்லை, அதனால் வைத்தோம் என்கிறாய் நீ.

அந்த ஈ நான்தான், கண்ணு.

எந்த வரியில் எப்படி உட்கார்ந்தது என்று சொல்லமாட்டேன். எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன். முதல் வருடம் சோதித்துப் பார்க்க ஓர் உடம்பு வேண்டியிருந்தது. "யாராவது ஒருத்தர் நில்லுங்களேன்" என்று சோடாப்புட்டி கெஞ்சினார். ஒருவரும் அசையவில்லை. நான் நின்றேன். அப்போது நீ கைக்குழந்தை. இறக்கிவிட்டால் ஊரைக் கூட்டுவாய், பொழுதுக்கும் என் இடது இடுப்பில்தான். தோள் அந்தப் பக்கமே சரிந்து போயிருந்தது. சோதனைக்குக் கொடுத்த அந்தத் தோள் அளவைப் பிறகு நிரலிலிருந்து எடுக்க மறந்து போனேன். தையற்காரர்கள் "அந்த மெஷின் அப்படித்தான் வரையும்" என்று பழகிக்கொண்டார்கள். எத்தனையோ பேர் உன்னைத் தூக்கிய என் தோளுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். நினைத்தால் சிரிப்பு வருகிறது. நேற்று அழுகையும் வந்தது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பா, "குழந்தை கலர் அடிச்சது பார்த்த கணக்கா? இல்லைன்னே எழுதிப்போடு, கோர்ட்டு கீர்ட்டுன்னு புள்ளை அலையணுமா?" என்கிறார். எனக்கும் அப்படி எழுதிவிடக் கை வந்தது. கேட்பார் யாருமில்லை.

ஆனால் நீ பார்த்தாய். பள்ளிக்கூடம் விட்டு வந்து என் மேஜைக்கடியில் உட்கார்ந்து, ஓரத்தில் துளை போட்ட அந்த நீளப் பிரிண்டர் தாள்களின் பின்பக்கம் படம் வரைவாய். அலுத்தால் முன்பக்கம் திருப்பி, உன் பெயரின் முதலெழுத்து எங்கெல்லாம் வருகிறது என்று தேடித் தேடிச் சிவப்பில் வட்டம் போடுவாய். முன்பக்கம் முழுக்க என் நிரல். ஒரு மண்ணும் உனக்குப் புரிந்திருக்காது. ஆனால் உங்கள் விதியில் பார்த்தவர் என்றுதான் இருக்கிறது, புரிந்தவர் என்று இல்லையே.

அதனால் விலகிவிடு, ராஜாத்தி. பூசி மெழுகாதே, அரைகுறையாகவும் விலகாதே. உன் கைவேலையிலேயே நீ அதிகம் பெருமைப்படுவது அந்தக் கைக்குழியில்தான் என்று தெரியும். அதை எழுதி முடித்த அன்று என்ன ஏதென்று சொல்லாமல் போனில் சும்மா சிரித்தாயே, அதிலிருந்தே தெரியும். அதையும் அழித்துவிடச் சொல். எங்களை யாரென்றே தெரியாத ஒருவர் தையற்கடைகளிலிருந்து பழைய பேட்டர்ன்களை வாங்கி, முதலிலிருந்து அளந்து எழுதட்டும். அவர் கையிலும் இடது பக்கம் ஒரு நூல் இறங்கித்தான் வரும். அந்த ஈ உள்ளே ஒளிந்திருக்கவில்லை, ஒவ்வொரு சட்டையிலும் வெளியேதான் உட்கார்ந்திருந்தது என்று அப்போது தெரிந்துவிடும். உன் உழைப்பு போகும். உங்கள் மென்பொருள் நிற்கும். தெருமுனை அக்காவின் பெரியவருக்குச் சட்டை கிடைக்கும்.

வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். உனக்கு அது போகிறதே என்று அழவேண்டிய நேரத்தில், இனி இவளோடு ஆபீஸ் கதை பேசலாமே என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பெற்றவளுக்கு இப்படியும் ஓர் அல்பப் புத்தி.

வக்கீல் கேட்டால் என்னைக் கூப்பிடு, வருகிறேன். நான் எழுதிய வரிகள் அவர்களுடையவைதான். சம்பளம் வாங்கினேன், கையெழுத்துப் போட்டேன், அதில் எனக்கு வழக்கில்லை. என் தோளை நான் விற்கவில்லை. வேண்டுமானால் டேப்பைக் கொண்டுவந்து அளக்கட்டும்.

தைரியமாக இரு. சாப்பிடு. எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு ஒரு நடை வந்துவிட்டுப் போ. நீ என் இடுப்பை விட்டு இறங்கி எத்தனையோ வருடமாகிவிட்டது, அந்தத் தோள் இன்னும் நிமிரவில்லை.

உன்,
அம்மா