அம்மா பெருக்கிய ஜெர்மன் தெரு

கொஞ்சம் கோபமும் நிறைய ஆசையுமாக, என் அப்பாவுக்கு,

நாங்கள் ஜெர்மனிக்குப் போய்விட்டு வந்துவிட்டோம் அப்பா. நானும் அம்மாவும், முழுசாக ஐந்து வாரம். நீலசந்திராவில் நம் சந்துக்காரர்கள் இன்னும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, டீக்கடையில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் போய், "நம்ம வீட்டம்மா ஃபாரின் போயிருக்கா, தெரியுமில்ல?" என்று கேட்டிருப்பாய். உனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

கலா அக்கா நர்ஸ் வேலைக்கு அங்கே போன மூன்றாவது மாதம் நீ போய்விட்டாய். அப்போது ஒரு வாரம் வந்து அழுதுவிட்டுப் போனவள்தான். இந்தக் கோடையில் என் நாலாவது செமஸ்டர் முடிந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் அவளே டிக்கெட் எடுத்து அனுப்பினாள். அம்மாவுக்கு லீவு வாங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. "ஜெர்மனியா? மல்லிகா, நீ ஜெயநகர் போறேன்னாலே நான் யோசிப்பேன்" என்றார் அவளுடைய மேஸ்திரி.

விசா படிவத்தில் அம்மாவின் தொழிலுக்கு எதிரே பௌரகார்மிகர் என்றே எழுதினோம். தெருப் பெருக்குகிறவர்களுக்கு நம் ஊரில் அரசாங்கம் வைத்திருக்கும் பெயர். தூதரகம் ஒன்றும் முகம் சுளிக்கவில்லை. அக்காதான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் எனக்குப் போன் செய்தாள்.

"சுதா, இங்க யாராவது கேட்டா அம்மா கார்ப்பரேஷன் ஆபீஸ்ல இருக்காங்கன்னு சொல்லிடு. நான் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். அம்மாகிட்ட மட்டும் இத சொல்லிடாத."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவளை என்னவென்று திட்டுவது? இதற்குப் பிள்ளையார் சுழி போட்டதே நீதானே. அக்காவைப் பள்ளியில் சேர்த்தபோது, 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் உனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஹவுஸ் வைஃப் என்று எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கினாய். எனக்கும் அதையே எழுதினாய். "நாக்கு மேல பல்லைப் போட்டு யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா புள்ளைங்க தாங்காது" என்று பின்னால் ஒருநாள் அக்காவிடம் சொன்னாயாம். அம்மா எங்கள் பள்ளிக்கு வந்த நாளெல்லாம் வேலைக்குப் போடுகிற பச்சைக் கோட்டைக் கழற்றி யார் வீட்டிலோ வைத்துவிட்டுத்தான் வந்தாள். அது உனக்குத் தெரியுமா?

அக்கா இருப்பது ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மூன்று மாடிக் கட்டடம், ஆறு குடும்பம். அந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது அப்பா. மாடிப்படியையும் வாசல் நடைபாதையையும் வாரம் ஒரு வீட்டுக்காரர் பெருக்க வேண்டும். யாருடைய முறையோ அவர்கள் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். டாக்டராக இருந்தாலும் பெருக்கித்தான் ஆக வேண்டும். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "எல்லாரும் பெருக்கினா நம்ம பொழப்பு என்ன ஆறது?" என்றாள்.

ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள். அக்கா டூட்டிக்குப் போய்விடுவாள். நான் அம்மாவைப் பூங்கா, ஏரி, சர்ச் என்று இழுத்துக்கொண்டு அலைவேன். அவளோ போகிற இடமெல்லாம் கீழேயே பார்த்துக்கொண்டு வருவாள். அரண்மனை முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தால், "அந்த ஓரத்துல எல எல்லாம் அப்படியே கெடக்குது பாரு" என்பாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் சரக் சரக்கென்று சத்தம் கேட்டு விழித்தேன். நம் வீட்டில் இருப்பதாகவே நினைத்தேன். ஜன்னலைத் திறந்தால், புடவைக்கு மேல் அக்காவின் ஸ்வெட்டர், தலையில் துண்டு, கையில் கட்டடத்துத் துடைப்பம். எங்கள் வாசலோடு விட்டாளா? வரிசையாக நாலு கட்டடத்து நடைபாதையையும் பெருக்கி முடித்திருந்தாள்.

இதில் இரண்டு தப்பு. ஞாயிற்றுக்கிழமை அங்கே சத்தம் போட்டு வேலை செய்யக் கூடாது. அதைக்கூடப் பொறுப்பார்கள். ஆனால் அது எங்கள் வாரம் இல்லை. பலகை கீழ்வீட்டு அம்மாவின் கதவில் தொங்கியது. இன்னொருவர் முறையில் போய்ப் பெருக்கினால், நீங்கள் பெருக்கிய லட்சணம் போதாது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

நான் படியிறங்கி ஓடுவதற்குள் கீழ்வீட்டு அம்மா பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், முதுகு மட்டும் வளையவில்லை. நைட் டூட்டி முடிந்து அக்காவும் சரியாக அப்போதுதான் வந்து சேர்ந்தாள். அந்த அம்மா அவளைப் பார்த்துப் படபடவென்று பேசினார்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"இது அவங்க வாரமாம். நேத்தே பெருக்கிட்டாங்களாம். அப்புறம் எதுக்கு நீ பெருக்கற, அவங்க செஞ்சது சரியில்லையான்னு கேக்கறாங்க."

"ஐயோ, அப்படி இல்லன்னு சொல்லு கண்ணு. பழக்கம், கை சும்மா இருக்கலன்னு சொல்லு."

அக்கா மாட்டிக்கொண்டாள். ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு, விடிந்தும் விடியாமலும் நாலு கட்டடத்து வாசலைப் பெருக்குகிற பழக்கம் எப்படி வந்தது? முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பாள்? என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த ஜெர்மன், வணக்கமும் நன்றியும்தான். இன்னொரு பொய்யைச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

அவள் தோள்பையைக் கீழே வைத்தாள். துடைப்பம் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நிதானமாகப் பேசினாள். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டு வாங்கி உனக்காக எழுதி வைத்திருக்கிறேன். "இவர் என் அம்மா. பெங்களூரில் தெருப் பெருக்குவதுதான் இவர் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறார். அந்தச் சம்பளத்தில்தான் நான் நர்ஸ் படித்தேன்."

கீழ்வீட்டு அம்மா நடைபாதையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பார்த்தார். குனிந்து, இரண்டு கல்லுக்கு நடுவில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தக் கல்லு இடுக்கு மண்ண நீ எப்படி எடுத்தன்னு கேக்கறாங்கம்மா."

"அது ஒண்ணுமில்ல. மொதல்ல காத்து எந்தப் பக்கம்னு பாக்கணும். கொஞ்சம் தண்ணி தெளிக்கணும். இவங்க தள்றாங்க. தள்ளக் கூடாது, இழுக்கணும்" என்று அம்மா செய்தே காட்டினாள். அந்த அம்மா துடைப்பத்தை வாங்கி இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார். எல்லாம் சரி, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமைதான், மீதிப் பாடத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலை தன் துடைப்பத்தோடு அவரே எங்கள் கதவைத் தட்டினார்.

மேலே வந்ததும் அக்கா உடைந்துவிட்டாள். எல்லோரிடமும் பொய் சொல்லி வைத்திருந்ததைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அம்மா காபி ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"இதுக்கு எதுக்குடி இவ்ளோ பேஜாரு? ஸ்கூல்ல உங்கப்பா ஹவுஸ் வைஃப்னு எழுதினதே எனக்குத் தெரியும். கையெழுத்து போட்டப்பவே அந்த கிளார்க்கு படிச்சுக் காட்டினாரு."

"அப்ப ஏம்மா சும்மா இருந்த?" என்று கேட்டேன்.

"புள்ளைங்களுக்காகத்தான பயந்தாரு அந்த மனுஷன். அதுகூடவா தெரியாது எனக்கு? ஆனா, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னாள் அப்பா. இத்தனை வருடத்தில் உன்மேல் அவள் சொல்லி நான் கேட்ட குறை இது ஒன்றுதான். நீ இருந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்?

அடுத்த சனிக்கிழமை அக்கா தன்னோடு வேலை செய்யும் நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அம்மாவின் வேலையைச் சொன்னாள். அம்மா தன் போனில், பச்சைக் கோட்டுப் போட்டுக் கூட்டாளிகளோடு நிற்கிற படத்தை எல்லோருக்கும் காட்டினாள். எனக்குப் பெருமையில் சாப்பாடே இறங்கவில்லை. நம் அக்காவா இது என்றும் இருந்தது, நம் அம்மாவா இது என்றும் இருந்தது.

ஊருக்கு வந்த மறுநாளே அம்மா வேலைக்குப் போய்விட்டாள். காலை ஆஜர் எடுக்கிற இடத்தில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு ஜெர்மனி எப்படி என்று கேட்டார்களாம். "ரோடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தொடப்பந்தான் சரியில்ல" என்றாளாம்.

நேற்று எனக்குக் கல்லூரியில் கடைசி வருடத்துப் படிவம் கொடுத்தார்கள். 'தாயின் தொழில்' கட்டத்தில் பௌரகார்மிகர் என்று எழுதி, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, "ஏன் இவ்ளோ பொடி எழுத்துல எழுதியிருக்க? இடம்தான் இருக்குதே" என்றாள்.

அக்காவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். கல்யாணப் பத்திரிகையில் உன் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று போடுவோம், பின்னால் பெயிண்டர் என்று போடுவோம். பக்கத்தில் அம்மாவின் பெயர் அவள் வேலையோடு வரும், பெரிய எழுத்தில். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், உனக்கும் சேர்த்து, அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.

உன் சின்னப் பொண்ணு,
பௌரகார்மிகர் மல்லிகாவின் மகள்,
சுதா