கிளாலிக்கும் கோடு போட்டவளுக்கு

இன்று காலி வீதிக்குத் தார் போடுகிறார்கள். வெள்ளவத்தையில் என் மூன்றாம் மாடி ஜன்னல் வரை மணம் ஏறி வந்துவிட்டது. எல்லோரும் மூக்கைப் பொத்தும் மணம் உனக்குப் பிடிக்கும். "ரோட்டு உயிரோட இருக்குதெண்டு அர்த்தம்" என்பாய். நீ கண்மூடி ஆறு வருடமாகிறது.

கொட்டாஞ்சேனையில் நாம் வீதிப் படங்கள் வரைந்த அந்தச் சின்னக் கந்தோரில் உன் மேசைக்குப் பக்கத்து மேசை என்னுடையது. சண்டைக் காலம். புதிய வீதிப் படத்தில் யாழ்ப்பாணம் போகும் கண்டி வீதி உன் பங்குக்கு வந்தது. ஆனையிறவில் வீதி மூடிக் கிடந்தது. சனம் முதலில் கொம்படிச் சேற்றுக்குள்ளால் நடந்தது. அதுவும் அடைபட்டபின் கடல்நீரேரியை வள்ளத்தில் கடந்தது, கிளாலி வழியாக. நீயும் அப்படி வந்தவள்தான். முன் வள்ளத்தில் நீ, பின் வள்ளத்தில் உன் அண்ணன். பின் வள்ளம் கரைக்கு வரவில்லை. இதை ஒரேயொரு முறைதான், பஸ்ஸில் வெளியே பார்த்தபடி எனக்குச் சொன்னாய்.

பின்னேரங்களில் வெள்ளவத்தை லொட்ஜுகளுக்குப் போவோம். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களிடம் எங்கே இறங்கினார்கள், எங்கே காத்திருந்தார்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொள்வாய். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி சிரித்தே விட்டாள்.

"இடுப்பளவு சேறு பிள்ளை. அதையும் பாதையெண்டு கீறுவியளோ?"

"கீறுவன் அக்கா. நீங்கள் நடந்தனீங்கள்தானே?"

கொம்படிக்கு ஒரு கோடு, கிளாலிக்கு ஒரு கோடு, இரண்டையும் கண்டி வீதியோடு சேர்த்தாய். மனேஜர் பார்த்ததும் வெளிறிப்போனார். அவரும் நம்மட ஆள்தான்.

"கண்டி ரோட்டு மட்டும் போதும், தங்கச்சி. மற்றதுகளை அழிச்சுவிடும். இந்தப் படத்தோட ஆரும் செக்பொயின்ற்ல பிடிபட்டால் ஆர் பதில் சொல்லுறது? எனக்கும் பிள்ளையள் இருக்கு."

"இதால ஊரே வந்திருக்கு, சேர். நானும் வந்தனான். என்ர அண்ணா இன்னும் வந்து சேரேல்லை. நான் அழிக்கமாட்டன்."

மை சுரண்டும் பிளேட்டை அவர் உன்னிடம் நீட்டினார். நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். அவர் அதை என்னிடம் தந்தார்.

நான் சுரண்டினேன்.

அன்றே வேலையை விட்டாய். பஸ்ஸில் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தேன். "நீ சுரண்டினது மையைத்தான். அழாத" என்றாய். அதன்பிறகும் என்னோடு கதைத்தாய், கடைசி வரை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

போன வருடம் அந்தக் கண்டி வீதியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடப்போவதாக ஒருவர் வந்து எழுதக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். கொம்படியையும் கிளாலியையும் எடுத்துவிடலாமா என்றார், மிக மரியாதையாக.

"அது ரோட்டில்லைத்தானே, அன்ரி?"

"அப்ப முழுக்கத் திருப்பித் தாங்கோ, தம்பி" என்றேன்.

என் எழுத்து இல்லாமலே புத்தகம் வந்தது. வரட்டும். அவர்கள் வேண்டாமென்ற பக்கங்களை நான் போட்டோகொப்பி எடுத்து வைத்திருக்கிறேன். யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சிலர் மடித்துப் பைக்குள் வைக்கிறார்கள், சிலர் நின்ற இடத்திலேயே வாசிக்கிறார்கள். நோட்டீஸ் என்று நினைத்து வேண்டாமென்பவர்களையும் நான் விடுவதில்லை.

"வாசிச்சுப் பாருங்கோ. நீங்கள் போற ரோட்டுத்தான்."

முதல் வரியில் உன் அண்ணனின் பெயர் இருக்கிறது.